ஒருவரும் திட்டாத பெண்

எங்கள் பல்கலைக்கழகத்தில் எதைப் பற்றியாவது கேள்வி கேட்டால், கேட்டவர் தலையிலேயே அந்த வேலையைக் கட்டிவிடுவார்கள். அதனால் பல வருடங்களாக யாரும் எதைப் பற்றியும் கேட்பதில்லை. நிர்வாகமும் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிறது. இந்த வழக்கம் தெரிந்தும் ஆசிரியர் கூட்டத்தில் நான் வாயைத் திறந்துவிட்டேன். காது கேட்காத, கண் தெரியாத, நடக்கச் சிரமப்படுகிற பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறோமே, அவர்களுக்கு எப்படிப் பாடம் நடத்துவதென்று நமக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டேன். அடுத்த வாரமே சுற்றறிக்கை வந்துவிட்டது. சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்குத் துணைநிற்க ஆசிரியர்களைத் தயார்படுத்தும் பயிற்சி முகாம். ஒருங்கிணைப்பாளர் நான்.

என் கேள்விக்கு இவ்வளவு பலமா என்று ஒருநாள் முழுக்கப் பெருமையாகத் திரிந்தேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. தர மதிப்பீட்டுக் குழு ஒன்று வரப்போகிறதாம். அவர்கள் புரட்டுகிற கோப்பில் இப்படி ஒரு முகாம் நடந்ததற்கான புகைப்படங்கள் இருந்தாக வேண்டுமாம். ஏற்பாடுகள் பற்றிப் பேசப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன். பயிற்சி தரப்போவது யார் என்று கேட்பதற்கு முன்னால் படம் எடுக்கப்போவது யார் என்று கேட்டார்கள். பேனரில் யார் முகம் எந்த அளவில் வரவேண்டும் என்பதைத் திரும்பத் திரும்ப மாற்றினார்கள். பயிற்சியின் தலைப்பில் இருந்த எழுத்துப்பிழை கடைசிவரை அப்படியே இருந்தது.

அப்போது எங்கள் புள்ளியியல் துறையில், முதுகலை இரண்டாம் ஆண்டில், காது கேட்காத மாணவி ஒருத்தி படித்துக்கொண்டிருந்தாள். சோமனூர்ப் பெண். வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கூடம். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நெய்கிறவர்கள். சிறு வயதில் வந்த ஒரு காய்ச்சலில் காது போய்விட்டது. அதற்குள் பேசப் பழகியிருந்ததால் பேச்சு தங்கிவிட்டது. குரல் மட்டும் ஏற்ற இறக்கமில்லாமல் கொஞ்சம் உரக்க வரும். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்வாள். தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது என்பதால், அந்த வீட்டில் எல்லோரும் வாயை மட்டும் அசைத்துத்தான் பேசிக்கொள்வார்களாம். தனக்குக் காது கேட்காது என்பதையே பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டதாக ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள்.

எங்கள் துறையில் அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. முன்வரிசையில் மின்விசிறிக்கு நேர் கீழே இடம். வகுப்பில் யாரும் அவளைக் கேள்வி கேட்பதில்லை. கருத்தரங்கில் பேசச் சொல்வதில்லை. தாமதமாக வந்தால் ஏன் என்பதில்லை. வாய்மொழித் தேர்வு வந்தால், “நீங்க போய் ரெஸ்ட் எடுங்க கண்ணு” என்று அனுப்பிவிட்டு, வகுப்பின் சராசரி மதிப்பெண்ணை அவளுக்கும் போட்டுவிடுவார்கள். புள்ளியியல் துறை அல்லவா, சராசரி என்றால் எங்களுக்கு உயிர். இவ்வளவு கருணை உள்ளவர்கள் பாடத்தை மட்டும் கரும்பலகையைப் பார்த்து நடத்தினார்கள். இரண்டு வருடத்தில் அவள் எல்லா ஆசிரியர்களின் முதுகையும் நன்றாகப் படித்திருந்தாள். விட்டுப்போனதை விடுதியில் தோழிகளைக் கேட்டுச் சரிசெய்துகொள்வாள்.

இந்தக் கருணைக்குத் தலைமை தாங்கியவர் எங்கள் துறைத் தலைவர். பல்லடத்துக்காரர். அப்பா காலத்தில் தறி, இப்போது கோழிப்பண்ணை என்று வசதியான குடும்பம். வாசல் காவலாளிக்கும் துணைவேந்தருக்கும் அவரிடம் ஒரே ‘ங்க’ தான். கோபம் வந்தால் அந்த ‘ங்க’ இன்னும் கூடும். “ஏனுங், இதுகூடத் தெரியாம எதுக்குங்க இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தீங்க?” என்று அவர் ஒருவனைக் கேட்டுவிட்டால், அன்று மதியம் அவனுக்குச் சோறு இறங்காது. மரியாதை கூடக் கூட ஆபத்து நெருங்குகிறது என்பது உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். வெளியூர்ப் பிள்ளைகள் சிலர் அதைப் பாராட்டு என்று நினைத்து நன்றி சொல்லி மாட்டிக்கொண்டதும் உண்டு. இந்தப் பெண்ணிடம் மட்டும் அவருடைய ‘ங்க’ ஒருநாளும் அளவு மீறியதில்லை.

முகாமுக்கு முந்தைய வாரம் அவளுடைய அம்மா என்னைப் பார்க்க வந்தார். தலைமுடியில் பஞ்சுத் துகள் ஒட்டியிருந்தது. தறியை விட்டு இறங்கி நேராகப் பேருந்து ஏறியிருக்கிறார். ஏதோ சலுகை கேட்கத்தான் வந்திருப்பார் என்று நினைத்து, தலைவரிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்று நானே முந்திக்கொண்டேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஏனுங் மேடம், என்ற பொண்ண இங்க ஒருத்தருமே திட்டறதில்லையாமா? நீங்க ஒருத்தருதான் திட்டறீங்கன்னு சொன்னா. அதான் உங்களப் பாத்துப்போட்டுப் போலாம்னு வந்தனுங்.”

என் கோபம் துறையில் பேர் போனது. யார் தப்புச் செய்தாலும் திட்டுவேன், அதில் ஆள் பார்ப்பதில்லை. அதற்காகப் புகார் எழுதியவர்கள் உண்டு. பேருந்து ஏறித் தேடிவந்து கையெடுத்துக் கும்பிட்டவர் இவர் ஒருவர்தான். டீ வாங்கிக் கொடுத்தேன்.

டீ குடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். மகளுக்கு முனைவர் பட்டத்துக்குப் படிக்க வேண்டும். ஆனால் ஆய்வுத் திட்ட வாய்மொழித் தேர்வில் நேரில் உட்கார்ந்து பதில் சொல்லாதவர்களை எங்கள் துறையில் அதற்குச் சேர்ப்பதில்லை. தானமாகப் போட்ட சராசரி மதிப்பெண் அங்கே செல்லாது. தேர்வு அந்த மாதக் கடைசியில் இருந்தது. இந்த முறையும் அவளை ரெஸ்ட் எடுக்க அனுப்பிவிட்டால் படிப்பு அதோடு முடிந்தது. வீட்டில் அதற்குள் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தான். அவர்களும் தறிக்காரர்கள்தான். பெண்ணுக்குக் காது கேட்காவிட்டால் என்ன, தறிச் சத்தத்தில் யாருக்குத்தான் கேட்கிறது என்று மாப்பிள்ளையின் அப்பா பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மேலே படிக்க இடம் கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் கல்யாணம் என்று பெண்ணின் அப்பாவும் முடிவாகச் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அதில் கொஞ்சமும் விருப்பமில்லை. தான் நின்ற இடத்தில் மகளும் வந்து நிற்பதற்கா இத்தனை வருடம் படிக்க வைத்தேன் என்று கேட்டார். அவளைத் தேர்வில் உட்கார வைப்பது என் பொறுப்பு என்று சொல்லி அனுப்பினேன்.

முகாம் மூன்றாவது மாடிக் கூடத்தில் நடந்தது. லிப்டைச் சிறப்பு விருந்தினருக்காகப் பிடித்து வைத்திருந்தார்கள். ஊன்றுகோலோடு நடக்கிற வணிகவியல் மாணவர் ஒருவரை நான் பேச அழைத்திருந்தேன். அவர் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன்னைப் பற்றிய உரைகளை ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தார். அது தெரிந்து நான் இறங்கிப்போய்க் கத்திய பிறகு லிப்ட் கிடைத்தது. அதற்குள் குத்துவிளக்கு ஏற்றி முடித்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர், இவர்கள் எல்லாம் தெய்வக் குழந்தைகள் என்றார். தெய்வக் குழந்தைகளுக்கு எத்தனை மணிக்கு வகுப்பு, எந்த மாடியில் வகுப்பு என்பதெல்லாம் அவருக்குச் சின்ன விஷயங்கள்.

சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் விஷயம் தெரிந்தவர். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை எல்லாம் போக மிச்சமிருந்த நேரத்தை அவருக்குக் கொடுத்தார்கள். பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், வாயை மறைக்காதீர்கள், என்ன வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள், நீங்களாக முடிவு செய்யாதீர்கள் என்று சொன்னார். இதற்கு மேல் இந்த விஷயத்தில் சொல்வதற்கும் அதிகம் இல்லை. அதற்குள் பக்கத்து அறையிலிருந்து அரிசியும் பருப்புஞ் சோற்றில் நெய் விழுந்த வாசனை வந்துவிட்டது. அதன் பிறகு அவர் சொன்னதை யார் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

செய்முறைப் பயிற்சியும் இருந்தது. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கொஞ்சநேரம் இருந்து பார்க்கச் சொன்னார். பேராசிரியர்களுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. இயற்பியல்காரர் ஒருவர் பஞ்சை எடுக்கவே மனமில்லாமல், இதைத் தலைமையுரைக்கு முன்பே கொடுத்திருக்கலாம் என்றார். கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கச் சொன்னபோது தமிழ்த் துறைப் பேராசிரியர் யார் துணையும் இல்லாமல் நேராகச் சாப்பாட்டு அறைக்குப் போய்ச் சேர்ந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் பெண்ணை மேடைக்கு அழைத்தார்கள். இது துறைத் தலைவரின் ஏற்பாடு, என்னிடம் சொல்லவே இல்லை. ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். பதிவாளர் அவளைப் புகழ்ந்து நெடுநேரம் பேசினார். மைக்கை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு பேசியதால் அவர் உதடு தெரியவில்லை. அவள் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைத்துப் பார்த்துவிட்டு, முடியாமல் பொன்னாடையின் சரிகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பயிற்சியாளர்தான் எழுந்துபோய், மைக்கைக் கீழே வைத்துவிட்டு, அவள் எதிரில் நின்று கேட்டார். ஆசிரியர்கள் உனக்கு என்ன உதவி செய்ய வேண்டும்?

அவள் கூட்டத்தைப் பார்த்துத் தன் உரத்த குரலில் சொன்னாள்: “என்னையும் கேள்வி கேளுங்க. தப்பாச் சொன்னாத் திட்டுங்க. வைவாவுல எல்லாரையும் மாதிரி என்னையும் உக்காரச் சொல்லுங்க.”

கூடமே கைகளை மேலே தூக்கி ஆட்டியது. காது கேட்காதவர்களுக்கு அப்படித்தான் கைதட்ட வேண்டும் என்று காலையில் கற்றிருந்தோம். முகாமில் எல்லோரும் பிழையில்லாமல் கற்ற பாடம் அது ஒன்றுதான். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். என்ன தன்னம்பிக்கை, என்ன தன்னம்பிக்கை என்றார்கள். கேமரா மின்னியது. அவள் கேட்டது மூன்றே விஷயம். அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு மேடையில் ஏறிப் பேனரைக் கிழிக்கலாம் போல் இருந்தது.

மறுநாள் துறைத் தலைவர் என் அறைக்கே வந்தார். முகத்தில் ஞானம் பெற்ற களை.

“மேடம், நம்ம கண்ணுக்கு வைவா வேண்டாமுங்க. பாவமுங்க. ட்ரெயினிங்ல சொன்னாங்கல்ல, அவிங்க சிரமம் அறிஞ்சு நடந்துக்கோணும்னு. இந்தவாட்டி சராசரிக்கு மேல கொஞ்சம் சேத்தே போட்டுரலாமுங்க.”

ஒரு முகாம் நடத்தி, விருந்து போட்டு, பொன்னாடை போர்த்தி, கடைசியில் கிடைத்த பலன் இது. முகாமே நடத்தாமல் இருந்திருந்தால் வெறும் சராசரியோடு போயிருக்கும். எனக்கு வந்த கோபத்தில் அவர் என் மேலதிகாரி என்பதெல்லாம் மறந்துவிட்டது. அவள் தன் வாயால் கேட்டது உங்கள் காதில் விழவே இல்லையா என்று கேட்டேன். நேரில் பதில் சொல்லாதவர்களுக்கு முனைவர் பட்டப் படிப்பில் இடமில்லை என்று விதி எழுதியதே நீங்கள்தானே என்று கேட்டேன். உங்கள் இரக்கத்தால் அவள் கல்யாணம் கட்டித் தறிக்குப் போகப்போகிறாள் என்றேன்.

மனிதர் ஆடிப்போய்விட்டார். இரண்டு வருடமாக அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் உண்மையிலேயே நினைத்திருந்தார். அவர் கெட்டவராக இருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். அவள் அழுதுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். போன வருடம் உங்கள் எதிரில் பாதி வகுப்பு அழுததே, அப்போது என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கடைசியில் சம்மதித்தார்.

தேர்வு நாளில் துறைத் தலைவரோடு வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த தேர்வாளர் ஒருவரும், துறை ஆசிரியர் என்ற முறையில் நானும் உட்கார்ந்திருந்தோம். அவள் உள்ளே வந்ததும் தலைவரின் முகம் இளகியது. பேர் என்னங்க கண்ணு, ஊர் எதுங்க, அம்மா அப்பா சௌக்கியமுங்களா, சோமனூர்ப் பக்கம் மழை பெய்ததுங்களா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். “ரொம்ப நல்லதுங்க கண்ணு, போலாமுங்க” என்றார்.

அவள் எழுந்திருக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “ஐயா, நீங்க இன்னும் ஒண்ணுமே கேக்கலீங்களே” என்றாள்.

வெளித் தேர்வாளருக்கு எங்கள் துறையின் கருணை பழக்கமில்லை. அவர் சாதாரணமாக ஆய்வேட்டைப் புரட்டி முதல் கேள்வியைக் கேட்டார். அவளுடைய ஆய்வு விசைத்தறியில் நூல் அறுந்து தறி நிற்பதைப் பற்றியது. ஒரு அறுபடலுக்கும் அடுத்த அறுபடலுக்கும் சம்பந்தமில்லை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருப்பதாகச் சொன்னாள். தலைவர் அதுவரை ஏட்டின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். அந்தக் கை சட்டென்று நின்றது. கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

“ஒரு நிமிசமுங்க. தறிக்காரர் ஊட்டுப் பொண்ணுங்க நீங்க. தறியில ஏத்துன பாவு நூலே கெட்டதா இருந்தா, அது தீர்ற வரைக்கும் நூல் அறுந்துட்டேதானுங்க இருக்கும்? ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லைன்னு எப்படிங்க எழுதிப்போட்டீங்க? புத்தகத்துல இருக்குதுன்னுங்களா? உங்க ஊட்டுத் தறி புத்தகத்தப் படிச்சுட்டாங்க ஓடுது?”

‘ங்க’ கூடிக்கொண்டே போனது. அவள் முகம் சிவந்துவிட்டது, ஆனால் கண் அவர் உதட்டை விட்டு அசையவில்லை. பாவு வாரியாகப் பிரித்தும் கணக்குப் போட்டுப் பார்த்ததாகவும், அது பின்னிணைப்பில் இருப்பதாகவும் சொன்னாள்.

“அதைய எதுக்குங்க பின்னால கொண்டுபோய் ஒளிச்சு வெச்சீங்க?”

அதன் பிறகு அவரை நிறுத்த யாராலும் முடியவில்லை. அவளுக்குக் காது கேட்காது என்பதை அவர் சுத்தமாக மறந்துவிட்டார். கரும்பலகைக்குப் பாடம் நடத்துகிற அதே மனிதர், அவள் முகத்துக்கு நேராக, வாயை முழுசாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையும் தெறிக்கப் பேசினார். பயிற்சியாளர் பார்த்திருந்தால் மற்றவர்களுக்குக் காட்டப் படம் பிடித்திருப்பார். அவள் ஒரு வார்த்தையைக்கூடத் தவறவிடவில்லை. ஓர் இடத்தில் அவளும் விடாமல் வாதாடி, அவரை ‘ம்’ என்று சொல்ல வைத்தாள். இன்னோர் இடத்தில் பதில் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டாள். தெரியாவிட்டால் உட்கார்ந்து படிக்கோணுமுங்க என்றார். சரிங்க என்று எழுந்து போனாள்.

கதவு சாத்திய பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. ஐயோ, புள்ளையத் திட்டிப்போட்டனுங்களே என்று தலையில் கை வைத்துக்கொண்டார். வெளித் தேர்வாளர் போட்ட மதிப்பெண் வகுப்பின் சராசரியைவிடக் குறைவு. தலைவர் பேனாவை எடுத்து, கொஞ்சம் கூட்டிப் போட்டுவிடலாமா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். எதற்கு என்று வெளித் தேர்வாளர் ஆச்சரியமாகப் பார்த்தார். முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்க அந்த மதிப்பெண் போதும், அது அவள் சம்பாதித்தது, தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள் என்றேன். பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

அழுதுகொண்டிருப்பாளோ என்று நானும் வெளியே ஓடினேன். வராந்தாக் கடைசியில் ஜன்னலோரம் நின்று போனில் அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனிலிருந்து தறிச் சத்தம் தடதடவென்று கொட்டியது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவள், குரலே இல்லாமல், வாயை மட்டும் அசைத்து, துறைத் தலைவர் திட்டியது முழுவதையும் அம்மாவுக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். இல்லாத கண்ணாடியை மேலே தள்ளினாள், முன்னால் சாய்ந்தாள், விரலை ஆட்டினாள். அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். எனக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. என்னைப் பார்த்ததும் அவள் போனை என் பக்கம் திருப்பினாள். அம்மா ஏதோ கேட்டார். நான் விழித்தேன்.

“எல்லாரையும் திட்டற மாதிரியேதான் என்னையும் திட்டுனாங்களான்னு அம்மா கேக்கறாங்க மேடம்.”

ஆமாங்க, மேலே படிக்கப் போதுமான மார்க்கும் வாங்கிட்டாங்க என்றேன். அங்கே கேட்டிருக்காது என்று உறைத்ததும், வாயை நன்றாகத் திறந்து, சத்தமில்லாமல் மறுபடி சொன்னேன். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு, தறிக்கு அந்தப் பக்கம் நின்ற யாரிடமோ திரும்பி வாயசைத்தார். தறி நின்றது. திடீரென்று வந்த அமைதியில், படத்தில் தெரியாத இடத்திலிருந்து அப்பாவின் குரல் மட்டும் வந்தது.

“அப்ப அந்த மாப்பிள்ளை ஊட்டுக்கு நான் இன்னிக்கே வேண்டாம்னு சொல்லிப்போடறனுங்.”

போனில் அம்மாவின் முகம்தான் இருந்தது. அவர் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார். பார்ப்பதற்கு ஒரு உதடும் இல்லாமல் அவள் தவித்துப்போய், அப்பா என்னங்க சொல்றாரு மேடம் என்று என்னைக் கேட்டாள்.

வெளிச்சம் என் முகத்தில் விழும்படி ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அவள் கண் என் உதட்டுக்கு வரும்வரை பொறுத்திருந்து, சொன்னேன்.